கடைசி நாள், ஐந்து மணி பத்து நிமிடம்

நைனா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சாப்பாட்டுக் கடையை மாற்றிவிட்டாய், பொன்னேரியில் கொசு அதிகம், முதல் சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரம் நிமிடம் தப்பாமல் ஓடுகிறது என்பதெல்லாம் படித்துச் சந்தோஷப்பட்டேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒருமுறை படித்தேன். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மனுக் கொடுக்கிற கடைசி நாள் அன்று, ஐந்து மணிக்கு நீ தாலுகா கச்சேரி ஜன்னலை மூடிவிட்டாய். ஐந்து பத்துக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையிலிருந்து பதினாலு தொழிலாளிகள் கரி படிந்த சட்டையோடு ஓடி வந்தார்கள். ஷிப்டு முடிந்து வந்தார்களாம், ரயில் தாமதமாம். அவர்களில் ஒருவன், "ஆர்.கே.பேட்டைல ஆளு ஊட்ல இல்லன்னு பேர எடுத்துட்டாங்கோ சார். இங்கயும் சேக்கலன்னா நான் எங்கதான் சார் கீறேன்?" என்று கேட்டான் என்று, அதை ஒரு வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். நீ கடிகாரத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினாய். உன் சூப்பிரண்டு தட்டிக்கொடுத்தார். கடைசி வரியில், "உன் பிள்ளைதானே அம்மா நான்" என்று எழுதியிருக்கிறாய்.

பாராட்டி எழுதுவேன் என்று காத்திருப்பாய். அந்த ஒரு வரி இரண்டு நாளாக என்னை உட்கார விடவில்லை. நீ என் பிள்ளைதான், அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பதினைந்து வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. உனக்குக் கோபம் வருவதற்கு இதில் நிறைய இருக்கிறது.

உன் மாமன் ஏன் நம் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை என்று சின்ன வயசில் எத்தனை தடவை கேட்டிருக்கிறாய். வாசலில் நின்று, இறால் கட்டிய ஓலைப்பெட்டியை உன் கையில் கொடுத்து, உன் தலையை ஒரு தடவு தடவிவிட்டுப் போய்விடுவார். ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். "உன் மாமனுக்கு முன்கோபம், நான் கவர்மெண்டு வேலைக்குப் போனது பிடிக்கவில்லை" என்று சொல்லி வைத்தேன். நீயும் நம்பினாய். வளர்ந்த பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே குறைத்துக்கொண்டாய். அண்ணனுக்கு நான் செய்த இரண்டாவது துரோகம் அது. முதலாவதை இனிமேல் சொல்கிறேன்.

உனக்கு அப்போது எட்டு வயது. நான் நம் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகி நாலு வருஷம் ஆகியிருந்தது. ஏரியில் வலை கட்டுகிற ஜனத்தில் பிறந்து சாக்பீஸ் பிடித்த முதல் பெண் நான் என்று ஊருக்கே பெருமை, எனக்கு அதைவிடப் பெருமை. அந்த வருஷம் வாக்காளர் பட்டியலைத் திருத்தினார்கள். வீடு வீடாக எழுத வந்த ஆள், இறால் பருவத்தில் வந்தான். அந்தச் சமயம் கிழக்குத் தெருவில் பாதிக் குடும்பம் ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துப் பக்கம் மணல்மேட்டில் குடிசை போட்டுத் தங்கியிருக்கும் என்று அவனுக்கு யார் சொல்வது? பூட்டிய கதவைப் பார்த்தான், ஆளில்லை என்று எழுதிக்கொண்டான், போய்விட்டான். வரைவுப் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியபோது படித்துப் பார்த்தால், கிழக்குத் தெருவில் இருபத்துமூன்று பேரைக் காணோம். உன் மாமன், அத்தை, அத்தையின் அம்மா எல்லாரும் அதில் அடக்கம். விட்டுப்போனவர்கள் மனுக் கொடுக்கலாம், இன்ன தேதி மாலை ஐந்து மணிக்குள் என்று நோட்டீசில் போட்டிருந்தது. மனுக்களை வாங்கிப் பெட்டியில் போடுகிற வேலை எனக்கு.

இங்கே பாடு முறை எப்படி என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கச்சேரி நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு மறந்து போயிருக்கலாம், அதனால் எழுதுகிறேன். முகத்துவாரத்தில் யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை கோயில் முன்னால் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதுதான் பாடு. முறை வந்த நாளில் வலை கட்டாவிட்டால் அது போனதுதான்; மறுபடி முறை சுற்றி வரும்வரை குடும்பம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மனுக் கொடுக்கிற கடைசி மூன்று நாளும் கிழக்குத் தெருவுக்குப் பாடு. பாட்டை விட்டுவிட்டு வந்து கைநாட்டு வைக்க யாரால் முடியும்? நான் உன் மாமனைக் கூப்பிட்டு, வெற்றுப் படிவங்களைக் கொடுத்து, அங்கேயே போய் ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடு என்று சொன்னேன். "பாப்பா, நீ கவலய வுடு. கடசி நாளு அஞ்சுக்குள்ள நான் கொண்ணாந்து தரேன்," என்றார். அப்போதெல்லாம் அவர் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எழுத நம் பள்ளியில் ஐந்தாவது முடித்த ஒரு பெண்ணையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு குத்தல். குப்பத்து டீச்சர் தன் ஜனத்துக்கு மட்டும் பேர் சேர்க்கிறாள், செத்தவன் பேரையும் சேர்ப்பாள் என்று யாரோ பெயர் போடாமல் தாலுகாவுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியர் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் யாருக்கும் சலுகை காட்டுகிறவள் அல்ல, என் ஜனத்துக்கு முதலில் காட்ட மாட்டேன் என்று இந்த உலகத்துக்கு நிரூபிக்க வேண்டும் போல இருந்தது. எங்களைப் போல முதல் ஆளாக மேலே வந்தவர்களுக்கு வருகிற வியாதி இது. அடுத்தவனிடம் நேர்மையாக இருப்பது போதாது, சொந்த ஜனத்திடம் கொடுமையாகவும் இருந்தால்தான் நேர்மை என்று தோன்றிவிடும். உனக்கும் அது தொற்றியிருக்கிறது. எங்கிருந்து தொற்றியது என்று நான் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கடைசி நாள் நாலு மணிக்குத் தாலுகாவிலிருந்து குமாஸ்தா ஒருவர் பெட்டியை வாங்கிப் போக வந்தார். வயசானவர், நல்ல மனுஷன். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்தார். அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுவதும் தெரியும். நாலரைக்குக் காற்று விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. பாய் துவண்டு தொங்குகிறது, இரண்டு பேர் கோல் ஊன்றித் தள்ளுகிறார்கள். அந்தப் பாயின் நடுவில் செங்கல் நிறத்தில் ஒரு ஒட்டு. நைனா, அது என் பழைய புடவை. முந்தின ஆடியில் பாய் கிழிந்தபோது உன் மாமன் கேட்டு, நானே கத்தரித்துக் கொடுத்து, நானே தைத்தது. ஏரியில் நூறு பாய் இருந்தாலும் அதை எனக்கு அடையாளம் தெரியும்.

ஐந்து மணி ஆயிற்று. குமாஸ்தா எழுந்து, கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்தார். "அங்க ஒரு படகு வர்றாப்புல கீதே டீச்சர். நம்ம ஆளுங்களா? ஒரு அர மணி நேரம் பாக்கலாமா?" என்று கேட்டார்.

அவரே கேட்டார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சட்டம் தடுத்தது என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டத்தின் பக்கத்திலிருந்து வந்த மனுஷன் காத்திருக்கத் தயாராக இருந்தார். நான்தான், "அது மீன் பிடிக்கிற படகு சார், இனிமே யாரும் வரமாட்டாங்க, மணி அஞ்சாச்சு," என்று சொல்லிப் பெட்டியை மூடி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன். அந்த நிமிடத்தில் நான் ரொம்பப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன். குமாஸ்தா சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். ஐந்தரைக்கு உன் மாமன் முட்டளவுத் தண்ணீரில் குதித்து ஓடி வந்தார். இருபத்துமூன்று படிவமும் நனையாமல் எண்ணெய்த் துணியில் சுற்றித் தலையில் கட்டியிருந்தார். உள்ளங்கை இரண்டும் கோல் தள்ளித் தோல் உரிந்திருந்தது.

பெட்டி போய்விட்டது என்றேன். படிவங்களை என் மேசைமேல் வைத்தார். அப்புறம், "நீ எங்க பாயப் பாத்தியா?" என்று கேட்டார். "பாக்கல," என்றேன். என் முகத்தைப் பார்த்தார். "சரி டீச்சரம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். பாப்பா என்று கூப்பிட்டது அன்றோடு போயிற்று.

தேர்தல் அன்று நானே அந்தப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழக்குத் தெருக்காரர்கள் விஷயம் தெரிந்தும் குளித்து, வெளுத்த துணி கட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். ஒருவேளை எங்காவது பெயர் இருக்குமோ என்கிற ஆசை. ஒவ்வொருவர் பெயரையும் நான் தேடுவது போலப் பாவனை செய்துவிட்டு, இல்லை என்று சொன்னேன். உன் அத்தையின் அம்மா, அந்தக் கிழவி, "நல்லாப் பாரும்மா, நான் உசுரோடதான் கீறேன்," என்றாள். அதற்குப் பிறகு வந்ததைக் கேள். அடுத்த வருஷம் குப்பத்துக்கு ஒரு அடிபம்பு வந்தது. எங்கே போடுவது என்று பேச்சு வந்தபோது, வந்தவர்கள் கையில் வைத்திருந்தது வாக்காளர் பட்டியல். மேற்குத் தெருவில் ஓட்டு நிறைய, கிழக்கில் பாதி வீட்டுக்கு ஓட்டே இல்லை. பம்பு மேற்கே போயிற்று. சுற்றிலும் உப்புத் தண்ணீர் இருக்கிற ஊரில் உன் அத்தை எட்டு வருஷம் மேற்குத் தெருவில் வரிசையில் நின்று, பேச்சு வாங்கிக்கொண்டு குடம் சுமந்தாள். நம் வாசல் வழியாகத்தான் போவாள். நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டு, அவள் கொலுசுச் சத்தம் கடந்து போகிறவரை தலை நிமிர மாட்டேன்.

எதையும் சரி செய்யாமல் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதே. உன் அப்பா இருந்தவரை, விட்டுத்தள்ளு என்றுதான் சொன்னார். என்னால் முடியவில்லை. மறுபடி பட்டியல் திருத்துகிறார்கள் என்று கேள்விப்பட்ட உடனே, தேதி எல்லாம் விசாரித்தேன். அந்த முறையும் கடைசி நாள் கிழக்குத் தெருவின் பாடு நாளிலேயே வந்து விழுந்தது. பொன்னேரிக் கச்சேரிக்குப் போனேன். நீ இன்றைக்கு உட்கார்ந்திருக்கிற அதே ஜன்னல் என்று நினைக்கிறேன். மாநிலம் முழுவதுக்கும் ஒரே தேதி, உங்கள் குப்பத்துக்காக மாற்ற முடியாது என்றார்கள். இரண்டாம் தடவை போனேன், அதிகாரி ஊரில் இல்லை. மூன்றாம் தடவை போகும்போது பாடு முறைச் சீட்டு எழுதிய நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

அதிகாரி என்னவென்று கேட்டார். எங்கள் ஊர்ப் பட்டியல் என்றேன். சீட்டு எடுக்கிற அன்றைக்கு ஒருவன் தண்ணீர்மேல் இருந்தாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும், அவன் பெயரை யாராவது ஒருவர் சொல்வார், அவன் சீட்டைத் தனியாக எடுத்து வைப்பார்கள், வரவில்லை என்பதற்காக ஒருவனை இதில் விட்டதே கிடையாது, எழுத்துத் தெரியாதவர்கள் வைத்திருக்கிற பட்டியல் சார் இது என்றேன். அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டினார். பிறகு, தேதியை நான் மாற்ற முடியாது, ஆனால் காலம் முடிவதற்குள் காரணம் காட்டி எழுதினால் மேலே அனுப்புகிறேன், நீட்டிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்றார். அந்த ஒரு வாக்கியத்தை முதல் தடவையே சொல்லியிருக்கலாம். யாரும் சொல்ல மாட்டார்கள், நைனா. கேட்கிறவன் மூன்று தடவை படியேறினால்தான் அந்த வாக்கியம் வெளியே வரும். உன் ஜன்னலில் அதை முதல் தடவையே சொல்.

மனு எழுதினேன். நம் குப்பம் மட்டும் கேட்டால் மேலே எடுபடாது என்று தோன்றியது. உள்ளே நெல் விளைகிற ஊர்களுக்கும் நடந்தேன். அவர்களுக்கும் அது அறுப்புக் காலம். களத்தை விட்டுவிட்டு யார் வந்து மனுக் கொடுப்பார்கள்? முதலில், மீன்காரர்களோடு சேர்ந்து நாங்கள் கையெழுத்துப் போடுவதா என்று முறுக்கிக்கொண்டார்கள். உங்கள் ஊரில் எத்தனை பேர் விட்டுப்போயிருக்கிறார்கள் என்று பட்டியலைக் காட்டினேன். முறுக்கு தளர்ந்தது. நாலு ஊர்க் கையெழுத்தும் கைநாட்டும் சேர்த்து அனுப்பினேன். பத்து நாள் நீட்டித்து உத்தரவு வந்தது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலேயே வைத்து வாங்கவும் அனுமதி. அந்த ஞாயிறு எங்களுக்குப் பாடு முறைச் சீட்டு எடுக்கிற நாள். ஊரே கோயில் முன்னால் இருக்கும். நான் பள்ளிக்கூட மேசையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டேன். சீட்டு எடுத்த கையோடு வந்து மனுக் கொடுத்தார்கள். உன் மாமனும் வந்தார். கட்டை விரலை மையில் ஒற்றி, பதித்து, துடைத்துக்கொண்டு போனார். கிழவி வரவில்லை, அதற்கு முந்தின வருஷமே போய்விட்டாள். சாகும்போது அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவளுக்கு நான் என்ன செய்து சரிக்கட்ட முடியும்?

தேதியை நகர்த்த என்னால் முடிந்தது. அண்ணனிடம் போய், பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மூன்று தடவை கச்சேரிப் படி ஏறினவளுக்கு இரண்டு தெரு நடக்கத் தைரியம் இல்லை. உன் கடிதம் வந்த பிறகுதான், இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பிள்ளையும் என்னைப் போலவே ஆகிவிடுவான் என்று உறைத்தது.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இது அம்மாவின் ஆசை இல்லை, உத்தரவு என்றே வைத்துக்கொள். அந்தப் பதினாலு பேரும் கும்மிடிப்பூண்டியில் எங்கே வாடகைக்கு இருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடி. ஆலை வாசலில் ஷிப்டு மாறும்போது போய் நில். நீ நிற்க வேண்டும், அவர்கள் ஓடி வரக்கூடாது. ஊரில் பெயரை எடுத்துவிட்டார்கள், இங்கே சேர்க்கவில்லை என்பதை அவர்கள் ஒவ்வொருவர் வாயாலும் கேட்டு எழுது. ஆர்.கே.பேட்டைக்காரன் கேட்டதைச் சிரித்துக்கொண்டு எழுதாதே. அவன் கேட்டது சரியான கேள்வி. அந்தப் பக்கத்து ஆலைகளில் இன்னும் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று விசாரி. பட்டியல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். காலம் முடிந்த பிறகு கேட்டால் ஒப்புக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. போன முறை காலத்துக்குள் கேட்டேன். இந்த முறை கேட்டுத்தான் பார்க்க வேண்டும். முடியாது என்று எழுத்தில் கொடுத்தால் அந்தக் காகிதத்தோடு அதற்கு மேலே போவேன். அடுத்த முறை ஆலைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்று வேண்டும் என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிடுவேன். உன் சூப்பிரண்டுக்குப் பிடிக்காமல் போகலாம். வேலைக்கு ஒன்றும் ஆகாது. அப்படி ஏதாவது ஆனாலும் பரவாயில்லை, நான் இருக்கிறேன்.

திங்கட்கிழமை மனுவோடு நான் வருகிறேன், அவர்களையும் அன்றைக்கு வரச் சொல். உன் அறைக்கு அப்புறம் வருவேன். முதலில் உன் ஜன்னலுக்கு வெளியே, அந்தப் பதினாலு பேரோடு வரிசையில் நிற்பேன். அம்மா என்று எழுந்து நிற்காதே, நாற்காலி போடாதே. மனுவை வாங்கி, வாங்கியதற்குச் சீட்டுக் கொடு, போதும்.

இன்னொன்று. நேற்று சாயங்காலம் உன் மாமன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வலையின் பொத்தலை அடைத்துக்கொண்டிருந்தார். உட்காராமலேயே சொன்னேன். பாயைப் பார்த்தேன், ஒட்டையும் பார்த்தேன், நீதான் என்று தெரிந்தேதான் பெட்டியை மூடினேன் என்று சொன்னேன். குமாஸ்தா காத்திருக்கட்டுமா என்று கேட்டதையும் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. அத்தை உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் மாமன் ஊசியைக் கீழே வைக்கவே இல்லை. நாலு கண்ணி பின்னி முடித்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். நீ போட்ட கடிதத்தைப் பற்றியும், திங்கட்கிழமை பொன்னேரிக்குப் போகப் போவதையும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வேலிப் படல் வரைக்கும் வந்திருப்பேன். பின்னால் குரல் கேட்டது.

"கச்சேரி எத்தினி மணிக்கு மூடுவாங்கோ?"

அஞ்சு மணிக்கு என்றேன்.

"அப்போ விடியறப்பவே படகத் தள்ளிக்கினு ஏரியத் தாண்டிப் போயி பஸ் புடிச்சிடலாம். காத்து வுழுந்தாலும் கோல் கீது," என்றார்.

அதனால் திங்கட்கிழமை உன் மாமனும் வருகிறார். ஜன்னலைத் திறந்து வை.

அம்மா